பள்ளி ஆற்றுப்படுத்துநரும் அவர்தம் அரங்கேற்றமும்

பரிசில் பெற்று மீளும் பாணனோ கூத்தனோ, வறுமையோடு எதிர்வரும் இன்னொருவனுக்குத் தான் சென்ற வழியையும் தான் கண்ட வள்ளலையும் எடுத்துரைத்து, அவனையும் அவ்வழியே செலுத்துவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் சரிபாதி நூல்கள் ஆற்றுப்படைகளே என்பதை நம் மாணவர் அறிவர். அப்பழஞ்சொல்லே இன்று 'கவுன்சலிங்' என்னும் துறையைக் குறிக்க 'ஆற்றுப்படுத்துதல்' என வழங்குகிறது. பொறியியற் கல்லூரிச் சேர்க்கைக்கும் நம்மிடையே 'கவுன்சலிங்' என்றே பெயராகிவிட்டமையால், அச்சொல்லைக் கேட்டதும் மதிப்பெண்ணும் இட ஒதுக்கீடுமே பலருக்கு நினைவில் எழுகின்றன. ஈண்டு நாம் பேசப் புகுவது அதுவன்று. பள்ளிப் பிள்ளைகளின் மனத்துயரையும் கல்வித் தடையையும் எதிர்காலக் கவலையையும் செவிமடுத்துத் துணைநிற்கும் ஒரு தொழிலையும், அத்தொழிலுக்குப் பயில்வோர் முதுநிலைப் படிப்பின் நிறைவில் தம் பணியை அவையில் வைக்கும் நிகழ்ச்சியையுமே இங்குக் காண்போம்.

இத்தொழில் அமெரிக்காவில் வேரூன்றிய வரலாறு சுவையானது. 1907 ஆம் ஆண்டளவில் மிச்சிகன் மாநிலத்துக் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் பள்ளித் தலைவராக இருந்த ஜெஸ்ஸி டேவிஸ், தொழில் தேர்வையும் ஒழுக்கத்தையும் பற்றிச் சிந்திக்க ஆங்கிலக் கட்டுரை வகுப்பையே பயன்படுத்தச் செய்தார். மொழியாசிரியர் வகுப்பே இத்துறையின் தொட்டில்களுள் ஒன்று என்பது தமிழ்த்துறையினராகிய நமக்கு மகிழ்ச்சி தருவதே. மறு ஆண்டு பாஸ்டன் நகரில் பிராங்க் பார்சன்ஸ் தொழில் வழிகாட்டு நிலையம் ஒன்றை நிறுவினார்; அவ்வாண்டே அவர் மறைய, அவருடைய நூல் 1909 இல் வெளிவந்தது. பின்னர், சோவியத் நாடு 1957 இல் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியது. அந்த அதிர்ச்சியில் அமெரிக்கா 1958 இல் இயற்றிய தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம், அறிவியல் திறன் மிக்க மாணவரை இனங்காணும் பொருட்டு வழிகாட்டிகளைப் பயிற்றுவிக்கப் பெரும் பொருள் ஒதுக்கியது. இதற்கிடையே கார்ல் ராஜர்ஸ் 1942 லும் 1951 லும் வெளியிட்ட நூல்கள், வழி சொல்வதைவிடக் கேட்பதே முதன்மை என்னும் கருத்தைப் பரப்பின. ஆற்றுப்படைப் பாணன் பாதையைச் சுட்டுவான். ராஜர்ஸ் வழிவந்த ஆற்றுப்படுத்துநரோ, வந்தவன் தன் பாதையைத் தானே காணும்வரை உடனிருப்பார். சொல் ஒன்றாயினும் இவ்வேறுபாட்டை மறத்தல் கூடாது.

இவ்வளவு வளர்ந்தும் இத்தொழிலுக்கு ஒரு குறை நீங்கவில்லை. தேர்வுத்தாள் எண்ணுதல், கால அட்டவணை வகுத்தல், வராத ஆசிரியருக்கு மாற்றாக வகுப்பில் நிற்றல் எனப் பிறர் பணியெல்லாம் ஆற்றுப்படுத்துநர் தலையில் விழுந்தன. 'இவர் செய்வதுதான் என்ன?' என்று நிதி ஒதுக்குவோர் கேட்டபோது, விடையளிக்கச் சான்று போதவில்லை. 1952 இல் தோன்றிய அமெரிக்கப் பள்ளி ஆற்றுப்படுத்துநர் சங்கம் 2003 இல் தேசிய மாதிரித் திட்டம் ஒன்றை வெளியிட்டு, இக்கேள்வியையே திருத்தி அமைத்தது. அவர் என்ன செய்கிறார் என்பதன்று; அவர் செய்வதால் மாணவரிடம் என்ன மாற்றம் நிகழ்ந்தது என்பதே இனி வினா. 250 மாணவர்க்கு ஒருவர் வேண்டும் என்பது அச்சங்கத்தின் பரிந்துரை. 2022-23 கல்வியாண்டில் நாட்டுச் சராசரி 385 க்கு ஒருவர். ஆகவே ஒவ்வொரு பணியிடமும் சான்று காட்டிப் பெறவேண்டிய பணியிடமே.

முதுநிலை மாணவரின் காட்சியரங்கு இப்பின்னணியிற் பொருள் பெறுகிறது. அங்கீகாரம் பெற்ற படிப்புகளில் மாணவர் 100 மணி நேரச் செய்முறைப் பயிற்சியும் 600 மணி நேரக் களப்பயிற்சியும் முடித்தாக வேண்டும். களப்பயிற்சியில் 240 மணி நேரமாவது நேரடியாகப் பயனாளரோடு கழிய வேண்டும். இவ்வாறு ஒரு பள்ளியில் உழைத்ததன் சாரத்தைக் காட்சிப் பலகையில் அமைத்து, பேராசிரியர், பயிற்சி மேற்பார்வையாளர், பள்ளி நிருவாகிகள், இளைய மாணவர் ஆகியோர் முன் நின்று விளக்குவதே அந்நிகழ்ச்சி. நம் மரபில் நூலாசிரியன் அவையில் நூலை அரங்கேற்றித் தடைகளுக்கு விடை பகர்ந்ததை இதனோடு ஒப்பிடலாம்.

இவ்வரங்கேற்றத்தைப் பயனுள்ளதாக்குவது எங்ஙனம்? பலகையின் வண்ணத்தைப் பற்றி நாம் அதிகம் சொல்லப் போவதில்லை. ஆறடித் தொலைவில் நிற்பவர் படிக்க இயலாத எழுத்து, எழுத்தே அன்று, அவ்வளவே. நம் கல்லூரிக் கண்காட்சிகளிலும் நூலின் பக்கங்களை அப்படியே வெட்டி ஒட்டிய அட்டைகளைக் கண்டிருக்கிறோம். அவற்றை ஒட்டியவரும் படித்திருக்க மாட்டார்.

சிந்திக்க வேண்டியது சான்றின் தன்மை. மூவகைத் தரவுகளை அத்துறையினர் பிரித்துக் காண்பர். எத்தனை மாணவர் எத்தனை அமர்வுகளில் கலந்துகொண்டனர் என்பது பங்கேற்புத் தரவு. அவர்தம் மனப்பாங்கிலும் திறன்களிலும் நேர்ந்த மாற்றம் அடுத்தது. வருகை, மதிப்பெண், ஒழுங்கு நடவடிக்கை ஆகியவற்றிற் காணும் மாற்றம் விளைவுத் தரவு. பெரும்பாலான பலகைகள் முதல் வகையோடு நின்றுவிடும் இயல்பின. 'எட்டு மாணவர்க்கு ஆறு அமர்வுகள் நடத்தினோம்' என்பது உழைப்பைக் காட்டும், பயனைக் காட்டாது.

எடுத்துக்காட்டாக ஒன்று கொள்வோம். அமெரிக்கப் பள்ளியாண்டு பெரும்பாலும் 180 நாள்களை உடையது. அதிற் பத்தில் ஒரு பங்கு, அஃதாவது 18 நாள், வராத மாணவரைத் தொடர்ந்து வாராதோர் எனக் கருதுவர். அத்தகைய எண்மரைத் திரட்டி ஒரு பயிற்சி மாணவி குழு அமர்வுகள் நடத்துகிறாள். சனவரியில் எண்மரும் சேர்ந்து 24 நாள் வரவில்லை. ஏப்பிரலில் 15 நாள். பலகையில் எழுதத் தக்க செய்திதான். ஆயின், குளிர்காலக் காய்ச்சல் ஓய்ந்ததால் வருகை கூடியிருக்கலாமே! ஏப்பிரலில் விடுமுறை இருந்து பள்ளி நாள்களே குறைந்திருப்பின், எண்கள் தாமே சுருங்கும். அறிவுடைய பார்வையாளர் இவ்வினாவைக் கேட்பது உறுதி. அம்மாணவி அதற்கு முன்பே விழிப்பாயிருந்து, பள்ளி நாள்களின் விழுக்காட்டைக் கணக்கிட்டு, அதே வகுப்பின் ஏனைய மாணவர் வருகை அவ்விரு மாதங்களில் எப்படி இருந்தது என்பதையும் அருகிலேயே காட்டினால், அவள் கூற்று வலுப்பெறும். வகுப்பு முழுவதும் அதே அளவு முன்னேறியிருந்தால் அதையும் மறையாது எழுதுதல் வேண்டும். வெற்றி பெறாத முயற்சியை நேர்மையாக விளக்கும் பலகை, பொய்யான வெற்றியைக் கொண்டாடும் பலகையினும் மேலானது என்பதே நம் கருத்து. பணியமர்த்துவோரும் அவ்வாறே மதிப்பர் என உறுதி கூற இயலாது. ஆயினும் நாளை இப்பெண்ணிடம் தன் பிள்ளையை ஒப்படைக்கும் பெற்றோர் எதை விரும்புவர் என்பதில் ஐயமில்லை.

இதனினும் பெரிய பொறுப்பு ஒன்றுண்டு. பலகையில் நிற்பது வெறும் எண்ணன்று. ஒரு குழந்தையின் துயரம். மாணவர் ஆவணங்களின் இரகசியத்தை அமெரிக்காவில் 1974 ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது. பெயரை நீக்கிவிட்டால் போதும் என்று எண்ணுவது பேதைமை. 'ஆறாம் வகுப்பில் அண்மையில் தந்தையை இழந்த, வேற்றுநாட்டிலிருந்து வந்த சிறுமி' என்று எழுதினால், சிறிய ஊரிற் பெயர் வேண்டுமோ? அரங்கிற்கு வருவோருள் அப்பள்ளியின் ஆசிரியரும் இருப்பர். எனவே பள்ளியின் பெயரையும் வகுப்பையும் பொதுமைப்படுத்துதல், பத்துக்குக் குறைந்த எண்ணிக்கையைப் பிரிவுகளாகப் பகுத்துக் காட்டாதிருத்தல், குழந்தை வரைந்த ஓவியத்தையோ எழுதிய கடிதத்தையோ இசைவின்றி ஒட்டாதிருத்தல் ஆகியன இன்றியமையாதன. பார்ப்போர் நெஞ்சை உருக்கும் கதை கையில் இருக்க, அதைச் சொல்லாது விடுவது எளிதன்று. அம்மறைபொருளைக் காக்க வல்லாரா என்பதே இத்தொழிலின் முதல் தேர்வு. அவர் வாய் தவறினால் இழப்பு அவருக்கன்று, நம்பிக்கையோடு வாய்திறந்த அக்குழந்தைக்கு. அது மீண்டும் ஒருவரிடம் பேசாமலே வளர்ந்துவிடக் கூடும்.

நின்று பேசும் முறையைப் பற்றிச் சிறிது. பார்வையாளர் வந்ததும் மனப்பாடத்தை ஒப்பிப்பதை விட, 'தாங்கள் எத்துறையினர்?' என்று வினவித் தொடங்குவது நன்று. பள்ளித் தலைவருக்கு வருகைக் கணக்கு வேண்டும். சக ஆற்றுப்படுத்துநருக்கு அமர்வு நடத்திய முறை வேண்டும். முதலாண்டு மாணவருக்கோ, இடர்ப்பட்ட இடம் எது என்பதே வேண்டும். கேட்கும் கலையைப் பயின்றவர் தம் அரங்கேற்றத்தில் தாமே இடையறாது பேசிக்கொண்டிருத்தல் முரணன்றோ!

பிறருடைய பலகைகளைச் சுற்றிப் பார்க்காது தம் பலகையருகிலேயே நிற்போர் பாதிப் பயனை இழப்பர். தோழர் இருவர் மாறி மாறி நின்றால் இக்குறை தீரும். பார்வையாளர் எழுப்பிய வினாக்களை அன்றிரவே குறித்துவைத்தல் நலம். பணி நேர்காணலில் அவ்வினாக்களே பெரும்பாலும் மீண்டும் வரும்.

நிகழ்ச்சி முடிந்தபின் பலகையைச் சுருட்டி வீட்டு மூலையில் வைப்பது வழக்கம். அதன் படியொன்றை, பயிற்சி அளித்த பள்ளிக்குக் கொண்டுபோய்த் தருதல் முறை. தரவைத் தந்தது அப்பள்ளி. அங்குள்ள மேற்பார்வையாளர் அடுத்த ஆண்டு தம் பணியிடத்தின் தேவையை நிருவாகக் குழுவுக்கு விளக்க வேண்டியிருப்பின் அது பயன்படும். அங்கே புதிதாய்ப் பயிற்சிக்கு வரும் மாணவரும், அந்த எண்மரின் வருகை கோடைக்குப் பின் என்னவாயிற்று என்ற வினாவிலிருந்து தம் பணியைத் தொடங்கலாம்.