உயர்ஜாதி நாய்களின் மூளைப் பரிசோதனை

யாழ்ப்பாணத்தில் பொமரேனியனோ அல்சேஷனோ வாங்கச் செல்வோர், குட்டியின் காதையும் வாலையும் உற்று நோக்கி, வம்சப் பத்திரத்தையும் வாங்கிப் பார்த்து விலை பேசுவார்களேயன்றி, அதன் பெற்றோரின் மூளையும் முள்ளந்தண்டும் எந்நிலையில் உள்ளன என்று ஒருபோதும் வினவுவதில்லை. வினவியே ஆகவேண்டும் என்பது எனது துணிபு.

கவாலியர் கிங் சார்ல்ஸ் ஸ்பானியல் என்னும் ஆங்கில ஜாதி இதற்குத் தக்க திருஷ்டாந்தம். வட்டமான சிறு தலையையே விரும்பித் தலைமுறைதோறும் தெரிந்தெடுத்து இனம் பெருக்கியதனால், கபாலத்தின் பின்புறம் மூளைக்குப் போதிய இடமின்றிச் சிறுமூளை பிடர்த் துவாரத்திற் பிதுங்க, மூளைநீரின் ஓட்டம் தடைப்பட்டு, தண்டுவடத்தினுள் நீர்க்குழிகள் உண்டாகின்றன. நோயுற்ற நாய் நடந்துகொண்டே பின்னங்காலைத் தூக்கிக் கழுத்தருகே சொறியும். நகமோ தோலில் படாது. தெள்ளுக்கடி என்று எண்ணி மருந்து பூசுவோர் உளர். கழுத்துப்பட்டி உரசினாலே வீரிட்டலறும் அந்த ஜீவனின் வேதனை எத்தகையது! பொமரேனியனிலும் சிவாவாவிலும் இக்கோளாறு காணப்பட்டுள்ளது.

வெளிக்கு யாதொரு குறியும் காட்டாத நாயும் இந்நோயைச் சந்ததிக்கு வழங்கக்கூடும் ஆதலால், பிரித்தானிய மிருக வைத்தியர் சங்கமும் கெனல் கிளப்பும் 2012இல் எம்.ஆர்.ஐ. பரிசோதனைத் திட்டமொன்றை ஆரம்பித்தன. நிபுணர்கள் படங்களை ஆராய்ந்து, கபாலக் கோளாற்றுக்கும் நீர்க்குழிக்கும் தனித்தனியே 0 முதல் 2 வரை தரமிட்டு, படமெடுத்தபோதிருந்த வயதையும் குறிப்பர். ஒரு வயதில் மாசற்றிருந்த தண்டுவடத்திற் சில ஆண்டுகளின் பின் குழி தோன்றலாம். 5 வயது கடந்தும் சுத்தமாயிருப்பதைக் காட்டும் படத்துக்கே பெறுமதி மிகுதி.

அல்சேஷனை முதுமையில் வருத்தும் தண்டுவடத் தேய்வு வேறுவகை. வலியின்றியே பின்னங்கால்கள் இழுபட்டு, நகங்கள் நிலத்தில் உரசித் தேய்ந்து, ஈற்றில் நாய் எழமாட்டாமற் போகும். இதற்கு ஏதுவான எஸ்.ஓ.டி.1 மரபணு மாற்றம் 2009இல் வெளியிடப்பட்டபின், கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சினால் ஒற்றியெடுத்தே அதனைச் சோதிக்கலாம். மாற்றத்தின் இரு பிரதிகளையும் பெற்ற நாயெல்லாம் நோயுறும் என்பதில்லை. எனினும் அத்தகைய இரண்டைச் சேர்த்தல் தகாது.

நோர்வே உயர் நீதிமன்றமோ 2023இல், தன்முன் வந்த வழக்கில், கவாலியர் இனப்பெருக்கம் விலங்கு நலச் சட்டத்துக்கு முரணானது என்றே தீர்ப்பளித்தது.

முற்பணம் கொடுக்குமுன், பெற்றோரின் பரிசோதனைச் சான்றைக் கேளுங்கள். அது இல்லையெனில், குட்டியின் பாட்டனோ பாட்டியோ உயிருடன் இருந்தால், வளவில் அதனை நடக்கவிட்டு, பின்னங்கால் நகங்களைத் தூக்கிப் பாருங்கள்.