ஓணானுக்கு வேண்டியது என்ன?

சித்திரபுரம் இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது. மூணாறு மலையைச் சேர்ந்த ஊர். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். மார்கழி, தை மாதங்களில் குளிர் நடுக்கும்.

அங்கே லயத்து வீட்டில் ஒரு சிறுவன். வேலியில் போன ஓணானைப் பிடித்தான். தகர டப்பாவில் போட்டான். கொஞ்சம் சோறு வைத்தான். கிண்ணத்தில் தண்ணீரும் வைத்தான்.

இரண்டு நாள் ஆயிற்று. ஓணான் எதையும் தொடவில்லை. கண்ணை மூடிக் கிடந்தது.

"அம்மா, சோறு வச்சேன். தண்ணியும் வச்சேன். ஏம்மா சாப்பிடல?" என்று அழுதான்.

அம்மா கொழுந்து எடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். டப்பாவைத் திறந்து பார்த்தாள்.

"நமக்கு வேண்டியதை வச்சிருக்கே. அதுக்கு வேண்டியதை வச்சியா?" என்று கேட்டாள்.

சரியான கேள்வி. ஓணானுக்கு வேண்டியது என்ன?

தண்ணீர்

கிண்ணத்தில் அசையாமல் நிற்கும் தண்ணீரைப் பல ஓணான்கள் கண்டுகொள்வதில்லை. பச்சோந்தியும் அப்படித்தான். இலையில் நிற்கும் பனித்துளியையும் மழைத்துளியையும் நக்கிக் குடிக்கும். பக்கத்தில் கிண்ணம் இருந்தும் அவை தாகத்தால் சாகலாம். இலைமேல் தண்ணீர் தெளித்தால் குடிக்கும்.

தீனி

ஓணான் சோறு தின்னாது. பூச்சி, எறும்பு, வெட்டுக்கிளி ஆகியவையே அதன் உணவு. அதன் தலையைவிடப் பெரிய பூச்சி தொண்டையில் சிக்கும். மருந்து அடித்த தேயிலைச் செடியில் பிடித்த பூச்சியோ விஷம். அந்தப் பூச்சியைத் தின்றால் அந்த மருந்து ஓணானின் உடம்பிலும் சேரும்.

வெயில்

நம் உடம்பு தானே சூட்டை உண்டாக்கும். ஓணானின் உடம்பு அப்படி அல்ல. அது வெயிலில் காய்ந்துதான் சூடு பெறும். சூடு இல்லாவிட்டால் தின்ற தீனி செரிக்காது. வயிற்றிலேயே கெட்டுப்போகும். எலும்பு உறுதிப்படவும் வெயில் வேண்டும். குளிர்ந்த மலையில் தகர டப்பாவுக்குள் வெயில் ஏது? ஆனால் டப்பாவை அப்படியே வெயிலில் வைப்பதும் தவறு. தகரம் கொதித்து ஓணான் செத்துவிடும். வெயிலும் வேண்டும், ஒதுங்க நிழலும் வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காட்டு உயிர்களைக் காக்கிறது. உடும்பு அதன் முதல் அட்டவணையில் இருக்கிறது. உடும்பைப் பிடித்தாலோ கொன்றாலோ 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. உடும்புக் கறி, உடும்பு எண்ணெய் என்று விற்பதும் குற்றம்.

சிலர் இக்வானா என்னும் வெளிநாட்டு ஓணானை வளர்க்கிறார்கள். அதன் தாயகம் நடு அமெரிக்காவும் தென் அமெரிக்காவும். 2022-இல் இந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி இக்வானா வளர்ப்பவர்கள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும்.

இக்வானா இலை தின்னும் பிராணி. அதற்குக் கறியும் முட்டையும் கூடாது. முருங்கைக் கீரை, செம்பருத்தி இலை, செம்பருத்திப் பூ, பூசணி ஆகியவற்றைப் பொடியாக நறுக்கிக் கொடுக்கலாம். காலையில் வெயில் காய்ந்த பிறகு தீனி வைப்பது நல்லது. மிச்சத்தை அன்றே எடுத்துவிட வேண்டும். தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். குளிர் ஊர்களில் இரவும் பகலும் கதகதப்பு வேண்டும். அதற்கு வசதி இல்லாதவர்கள் வாங்காமல் இருப்பதே நல்லது.

இந்தப் பிராணிகளைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். அவற்றின் கழிவில் உள்ள கிருமியால் வயிற்றுப்போக்கு வரும். சிறு குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம்.

வேலியே அதன் வீடு

வேலியில் போகிற ஓணானை மடியில் கட்டிக்கொண்டு, குத்துகிறது குடைகிறது என்றானாம் ஒருவன். இந்தப் பழமொழி எல்லாருக்கும் தெரியும். குத்தும் குடைச்சலும் மனிதனுக்கு மட்டும்தானா? மடியில் அகப்பட்ட ஓணானின் பாடு என்ன?

மூணாற்றின் உயர்ந்த சோலைக் காடுகளில் ஒருவகை ஓணான் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. அதற்கு வேண்டிய பனி, பூச்சி, வெயில் எல்லாம் அங்கேயே இருக்கின்றன.

அந்தச் சிறுவனும் டப்பாவை வேலிக்கு எடுத்துப் போனான். வெயில் படும் கல்மேல் ஓணானை விட்டான். அது வெகுநேரம் அசையவில்லை. பிறகு மெல்லத் தலையைத் தூக்கியது. சட்டென்று செடிக்குள் ஓடிவிட்டது.

மறுநாள் காலையில் அவன் வேலிப் பக்கம் போனான். இலைகளில் பனித்துளி நின்றது. ஓணான் ஒன்று அதை நக்கிக்கொண்டிருந்தது. அவன் தூர நின்று பார்த்தான்.

சேர்ந்து பேசுவோம்

1. கிண்ணத்தில் தண்ணீர் இருந்தும் ஓணான் ஏன் குடிக்கவில்லை?
2. வெயிலுக்கும் செரிமானத்துக்கும் என்ன தொடர்பு?
3. உங்கள் ஊரில் ஓணானைக் கல்லால் அடிக்கும் பிள்ளைகளுக்கு என்ன சொல்வீர்கள்?