இரண்டு படகிலும் தண்ணீர்!

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் என்று 2 புகழ்பெற்ற பல்கலைக்கழகங்கள் உள்ளன. படகுப் போட்டி என்று வந்துவிட்டால் இரண்டும் பரம எதிரிகள்!

இந்தப் போட்டிக்கு வித்திட்டவர்களோ 2 நண்பர்கள்! ஒரே பள்ளியில் படித்தவர்கள். வோர்ட்ஸ்வொர்த் ஆக்ஸ்போர்டில் சேர்ந்தார். மெரிவேல் கேம்பிரிட்ஜில் சேர்ந்தார். கேம்பிரிட்ஜ் சவால் விட்டது. 1829-ம் ஆண்டு முதல் போட்டி நடந்தது. ஆக்ஸ்போர்டு வென்றது.

முதுகு காட்டும் வீரர்கள்

ஒரு படகில் 9 பேர். துடுப்புப் போடும் 8 பேரும் படகு போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள். ஒன்பதாவது ஆள்தான் வழி பார்த்துச் சுக்கான் பிடிப்பார். லண்டனில் தேம்ஸ் நதியில் பட்னி முதல் மார்ட்லேக் வரை சுமார் 6.8 கிலோமீட்டர் தூரம் போகவேண்டும்.

செல்லாது!

1912-ம் ஆண்டு மார்ச் 30-ந் தேதி போட்டி நடந்தது. பலத்த காற்று வீசியது. அலைகள் எழும்பின. கேம்பிரிட்ஜ் படகு மூழ்கிவிட்டது! ஆக்ஸ்போர்டு படகிலும் தண்ணீர் நிரம்பியது. மாணவர்கள் கரை ஒதுங்கினார்கள். தண்ணீரைக் கொட்டிவிட்டு மீண்டும் புறப்பட்டார்கள். எதிரே ஆள் இல்லை. வெற்றி கைக்கு எட்டிவிட்டது!

ஆனால், போட்டி செல்லாது என்று நடுவர் அறிவித்துவிட்டார்.

ஏப்ரல் 1-ந் தேதி மறுபடியும் போட்டி நடந்தது. இந்தத் தடவை ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜை முந்திக் காட்டியே வென்றது!