வலைத்திண்ணை - 14: ஒத்தாசைக்கு ஒரு பக்கம்

போன வாரம் விக்கிப்பீடியாவில் கணக்குத் தொடங்குவது வரை வந்திருந்தோம். தொடங்கிய அன்று இரவே நான் செய்த காரியத்தை இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர்ச் சிவன் கோயிலைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் நாலே வரிதான் இருந்தது. வீட்டிலிருந்த தலவரலாற்றுப் புத்தகத்தை விரித்து இரண்டு பக்கத்தை அப்படியே தட்டச்சு செய்தேன். தேரடியின் அழகுக்கு ஈடு இணையே கிடையாது என்று சொந்தச் சரக்காக ஒரு வரியும் சேர்த்து வெளியிட்டேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், பழைய நாலு வரி மட்டும் நிற்கிறது.

கோபம் வராதா? மறுபடி ஒட்டினேன். மறுபடி போயிற்று. மூன்றாம் முறை ஒட்டப் போனபோதுதான் கட்டுரைக்கு மேலே 'வரலாறு' என்று ஒரு சொல் இருப்பது கண்ணில் பட்டது. திறந்தால், கணக்குப்பிள்ளையின் பேரேடு! கட்டுரை பிறந்த நாள் முதல் யார், எப்போது, எந்த வரியைச் சேர்த்தார், எதை எடுத்தார் என்பதெல்லாம் வரிசையாக இருந்தது. நான் எழுதியதும் அங்கே பத்திரமாக இருந்தது. அதை நீக்கியவர் 'பதிப்புரிமை மீறல்' என்று பக்கத்திலேயே காரணமும் எழுதியிருந்தார். அதைப் படிக்காமலேதான் இரண்டு மணி நேரம் கொதித்துக்கொண்டிருந்தேன்.

கோயில் வரலாற்றுக்கு என்ன பதிப்புரிமை? யாரிடம் கேட்பது? தேடியபோது கிடைத்ததுதான் 'ஒத்தாசைப் பக்கம்'. பெயர் வைத்தவரின் கைக்குத் தங்கக் காப்புப் போடலாம். 'உதவி' என்று வைத்திருந்தால் அரசு அலுவலக வாசல் பலகை மாதிரி இருந்திருக்கும். ஒத்தாசை என்றால் கல்யாண வீட்டில் பந்தி பரிமாற ஓடி வருகிறார்களே, அது. கேட்பவர் கூசவேண்டியதில்லை, செய்பவருக்குக் கூலியுமில்லை.

ஆனால் கேட்கத் தெரியவேண்டும். "என் கட்டுரையை ஏன் அழித்தீர்கள்?" என்று மொட்டையாக எழுதிவிட்டு வந்தேன். "எந்தக் கட்டுரை?" என்று ஒரு கேள்விதான் பதிலாக வந்தது. ஆயிரக்கணக்கான கட்டுரைகளில் அவர் எதைப் போய்த் தேடுவார்? கட்டுரைக்கு இணைப்பு கொடுக்கவேண்டும். என்ன செய்தோம், என்ன நடந்தது என்று இரண்டு வரியில் சொல்லவேண்டும். முடிவில் நான்கு அலைக்குறிகளை (~~~~) அடுத்தடுத்து இட்டால் நம் பயனர் பெயரும் நேரமும் கையொப்பமாக விழும். தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் மட்டும் எழுதிவிடாதீர்கள். அது பொதுவெளி, பதிலும் அங்கேயேதான் வரும்.

ஒழுங்காகக் கேட்டதும் ஒழுங்கான பதில் வந்தது. கோயிலைப் பற்றிய செய்தி யாருக்கும் சொந்தமில்லை. அதைச் சொன்ன வாக்கியங்கள் எழுதியவருக்குச் சொந்தம். இந்தியச் சட்டப்படி அவர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகளுக்கு அந்த உரிமை உண்டு. விக்கிப்பீடியாவில் உள்ள எழுத்தை, பெயர் குறிப்பிட்டு, யாரும் எடுத்தாளலாம், மாற்றலாம், அச்சிட்டு விற்கவும் செய்யலாம். அடுத்தவர் வயலில் விளைந்ததை அப்படி அள்ளிக் கொடுக்க நாம் யார்? தேரடி அழகு? அது என் அபிப்பிராயம்; கலைக்களஞ்சியத்துக்கு அது எதற்கு? பதில் எழுதியவர், செய்தியைச் சொந்த நடையில் எழுதி, புத்தகத்தை மேற்கோளாகக் காட்டச் சொன்னார். முதலில் 'மணல்தொட்டி'யில் எழுதிப் பழகவும் சொன்னார். அங்கே எவ்வளவு கிறுக்கினாலும் கட்டுரைக்குச் சேதமில்லை. கையொப்பத்தைப் பார்த்தேன். என் பத்திகளை நீக்கிய அதே ஆள்!

கேட்க மூன்று இடம் உண்டு. ஒரு கட்டுரையில் உள்ள தகவல் பற்றி என்றால் அதன் பேச்சுப் பக்கம். எப்படிச் செய்வது என்றால் ஒத்தாசைப் பக்கம். எல்லோரையும் பாதிக்கும் பொது வழக்கம் பற்றி என்றால் 'ஆலமரத்தடி'. இந்த மூன்றாவதற்கு ஒவ்வொரு மொழியும் தன் ஊரிலிருந்தே பெயர் எடுத்திருக்கிறது. தெலுங்கில் ரச்சபண்ட, கன்னடத்தில் அரளிக்கட்டெ, மலையாளத்தில் பஞ்சாயத்து, இந்தியில் சௌபால், பிரெஞ்சில் பிஸ்ட்ரோ. ஆங்கிலக்காரர்கள் ஊர்ப் பொதுக் குழாயின் பெயரை வைத்தார்கள். குழாயடியில் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். அங்கேயும் அது நடக்கிறது. புதியவர்கள் அதில் சிக்கி மிரளாமல் இருக்க, 2012இல் தேநீர்க்கடை ஒன்றையும் அவர்களுக்கென்றே திறந்தார்கள்.

கேட்க ஆளே இல்லாத காலமும் ஒன்று இருந்தது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியபோது, யாழ்ப்பாணத்தில் பிறந்து அமீரகத்தில் பணியாற்றிய கட்டடக்கலைஞர் மயூரநாதன் ஏறக்குறைய தனியாளாக எழுதினார். இயல் விருது அவரைத் தேடி வந்ததற்கு இந்த உழைப்பே காரணம். 2017இல் கட்டுரைகள் ஒரு லட்சத்தைத் தாண்டின. வந்து சேர்ந்தவர்கள் எல்லோரும் விதிகளைக் கரைத்துக் குடித்துவிட்டா வந்தார்கள்? தவறு செய்து, கேட்டு, திருத்திக்கொண்டு தங்கியவர்கள் அவர்கள். ஒத்தாசைப் பக்கத்துக் கேள்விகள் பதிலோடு அழிந்தும் போவதில்லை. பழைய உரையாடல்களில் தேடினால், நம் சந்தேகம் பெரும்பாலும் வேறொருவருக்கு முன்பே வந்திருக்கும்.

கோயில் கட்டுரை இப்போது பதினெட்டு வரி. அதில் என்னுடையது ஒன்பது. மற்றதை யார் யாரோ சேர்த்திருக்கிறார்கள். என் ஒன்பதில் இரண்டு சந்திப்பிழையையும் திருத்தியிருக்கிறார்கள்.

சில மாதம் கழித்து ஒரு இரவு ஒத்தாசைப் பக்கத்தில் புதிதாக ஒரு வரி: "என் கட்டுரையை ஏன் அழித்தீர்கள்?" இணைப்பு இல்லை, கையொப்பம் இல்லை. பதில் சொல்ல யாரும் வந்திருக்கவில்லை. நான் எழுதினேன்: "வணக்கம். எந்தக் கட்டுரை?"

அடுத்த வாரம்: மேற்கோள் காட்டுவது எப்படி?

(தொடரும்)