நிகழ்நேர இரயில் தகவலும் பயணியரின் காத்திருப்பும்

ஆய்வுச் சுருக்கம்

இரயில் வரும் நேரத்தைக் கைப்பேசியில் அறியும் வசதி இந்தியாவில் பரவலாகியுள்ளது. அத்தகவல் எவ்வாறு திரட்டப்படுகிறது, எவ்விடத்தில் பிழைபடுகிறது, பயணிக்கு முழுமையாகப் பயன்பட அது எவ்வாறு அமைய வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. இரயிலின் இருப்பிடத்தைக் காட்டுவதும் அதன் வருகையைக் கணிப்பதும் வெவ்வேறு பணிகள் என்பது இதன் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: நிகழ்நேரத் தகவல், கைப்பேசிச் செயலி, தாமதம், வருகைக் கணிப்பு, காத்திருப்பு

முன்னுரை

முடிவு தெரியாத காத்திருப்பு, முடிவு தெரிந்த காத்திருப்பைவிட நீண்டதாகத் தோன்றும் என்று டேவிட் மைஸ்டர் 1985இல் வரிசைக் காத்திருப்பின் உளவியல் பற்றிய கட்டுரையில் குறிப்பிட்டார். சியாட்டில் பகுதிப் பேருந்துப் பயணியரிடம் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வு இதற்கு அரண் சேர்க்கிறது. கைப்பேசியில் நிகழ்நேரத் தகவல் பெறாதோர், தாம் காத்திருந்த நேரத்தை உள்ளதைவிடக் கூடுதலாக உணர்ந்தனர். தகவல் பெற்றோரிடம் அம்மிகை காணப்படவில்லை. அவர்கள் காத்திருந்த நேரமும் ஏறத்தாழ இரண்டு நிமிடம் குறைந்திருந்தது. மணிக்கணக்கில் தாமதமாகக்கூடிய நெடுந்தொலைவு இரயில்களில் இத்தகைய தகவலின் தேவை இன்னும் பெரிதாகும்.

தகவல் திரட்டப்படும் முறை

இந்திய இரயில்வேயில் ஒவ்வொரு நிலையத்தையும் இரயில் கடக்கும் நேரத்தை நிலைய அதிபர் தொலைபேசி வழியே கோட்டக் கட்டுப்பாட்டு அலுவலகத்திற்குத் தெரிவிப்பது நெடுங்கால வழக்கமாகும். காலமும் தொலைவும் இரு அச்சுகளாக அமைந்த வரைபடத்தில் கட்டுப்பாட்டாளர் அந்நேரத்தைக் குறிப்பார். பின்னர் இவ்வரைபடம் கணினிமயமானது. அதில் பதிவாகும் நேரங்களே தேசிய இரயில் விசாரணை அமைப்பின் வழியாகப் பயணியரை எட்டுகின்றன. இம்முறையில் பதிவு தாமதமானால் தகவலும் பழையதாகிவிடும். இரு நிலையங்களுக்கு இடையே இரயில் நின்றுவிட்டால், அடுத்த பதிவு வரும்வரை பயணிக்கு ஏதும் தெரியாது.

இக்குறையைக் களைய, இஸ்ரோவின் ஒத்துழைப்புடன் நிகழ்நேர இரயில் தகவல் அமைப்பு உருவாக்கப்பட்டது. எஞ்சினில் பொருத்தப்படும் கருவி, செயற்கைக்கோள் வழியே இடத்தையும் வேகத்தையும் அறிந்து, 30 நொடிக்கு ஒருமுறை அனுப்புகிறது. முதற்கட்டமாக 21 மின் எஞ்சின் பணிமனைகளைச் சேர்ந்த 2,700 எஞ்சின்களில் இக்கருவி பொருத்தப்பட்டதாக இரயில்வே அமைச்சகம் 2022இல் அறிவித்தது. மனிதரின் பதிவை எதிர்பாராமல் நிலையங்களைக் கடக்கும் நேரம் கட்டுப்பாட்டு வரைபடத்தில் தானே பதிவாகிறது.

2018இல் கூகுள் நிறுவனம் கையகப்படுத்திய ‘வேர் இஸ் மை டிரெயின்’ செயலி வேறொரு வழியைக் கையாள்கிறது. இரயிலுக்குள் இருப்பவரின் கைப்பேசி எந்தக் கோபுரத்தின் அலைவரம்பில் உள்ளது என்பதைக் கொண்டு, இணைய இணைப்பின்றியே அது இடத்தை அறிகிறது.

இருப்பிடமும் வருகையும்

இருப்பிடம் துல்லியமாகத் தெரிந்தாலும் வருகை நேரம் உறுதியாவதில்லை. நிலையத்திற்கு ஒரு கிலோமீட்டர் தொலைவில் வெளிப்புறச் சைகையருகே நிற்கும் இரயில், நடைமேடை காலியாகும்வரை உள்ளே வர இயலாது. ஒற்றைவழிப் பாதையில் எதிர்வரும் இரயிலுக்காக மற்றொன்று காத்திருக்க நேர்வதால், ஓர் இரயிலின் தாமதம் பிறிதொன்றைத் தொற்றுகிறது. மறுபுறம், கால அட்டவணையில் சில பகுதிகளுக்குக் கூடுதல் நேரம் ஒதுக்கப்பட்டிருப்பதால், தாமதமாக வரும் இரயில் அங்கு இழந்த நேரத்தை ஈடுசெய்யவும் கூடும். எனவே, இப்போதைய தாமதத்தை அட்டவணை நேரத்துடன் கூட்டிச் சொல்லும் எளிய கணக்கு இருபுறமும் பிழைபடும்.

இவ்விரு பிழைகளும் ஒரே தன்மையன அல்ல. கணித்ததற்குப் பின் இரயில் வந்தால் பயணி சற்றுக் கூடுதலாகக் காத்திருப்பார். முன் வந்துவிட்டால் பயணத்தையே இழப்பார். பணமும் இதில் அடங்கியுள்ளது. பயணி ஏறும் நிலையத்தில் இரயில் மூன்று மணி நேரத்திற்கு மேல் தாமதமானால், அது புறப்படும் முன் பயணச்சீட்டை ஒப்படைத்து முழுக் கட்டணத்தையும் திரும்பப் பெறலாம் என்பது விதி. இணையவழிப் பயணச்சீட்டிற்கும் அதற்குள்ளாகவே கோரிக்கை பதிவு செய்ய வேண்டும். இவ்வுரிமையைப் பயன்படுத்துவதா, காத்திருப்பதா என்ற முடிவு கைப்பேசியில் காணும் ஓர் எண்ணையே சார்ந்துள்ளது.

மேம்பாட்டிற்கான வழிகள்

முதலாவதாக, கணிப்பு எப்போது பதிவான தகவலை அடிப்படையாகக் கொண்டது என்பதைத் திரையில் காட்ட வேண்டும். ஐந்து நிமிடத்திற்கு முந்தைய தகவலையும் ஒரு மணி நேரத்திற்கு முந்தைய தகவலையும் பயணி ஒரே அளவில் நம்பலாகாது. இரண்டாவதாக, ஒரே நேரத்தைக் கூறாமல், இரயில் வரக்கூடிய முந்திய நேரத்தையும் பிந்திய நேரத்தையும் சேர்த்துத் தர வேண்டும். முந்திய நேரமே வீட்டிலிருந்து புறப்பட வழிகாட்டும். மூன்றாவதாக, நடைமேடை மாற்றத்தை முன்னரே அறிவிக்க வேண்டும்; முதியோர்க்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இது இன்றியமையாதது. நான்காவதாக, திறன்பேசி இல்லாதோர் 139 என்ற உதவி எண்ணில் கேட்கும் தகவலும், நிலைய ஒலிபெருக்கியின் அறிவிப்பும், செயலியின் திரையும் ஒரே செய்தியைக் கூற வேண்டும்.

முடிவுரை

செயற்கைக்கோள் கருவிகள் இரயில் எங்கே உள்ளது என்ற வினாவிற்குப் பெரிதும் விடை கண்டுள்ளன. எப்போது வரும் என்ற வினாவிற்கான விடை, பாதை நெரிசல், நடைமேடை, கால அட்டவணை ஆகியவற்றைச் சேர்த்துக் கணிப்பதில் உள்ளது. அக்கணிப்பின் உறுதியையும் ஐயத்தையும் ஒருங்கே பயணிக்குத் தெரிவிக்கும் அமைப்பே அவரது நம்பிக்கையைப் பெறும் எனலாம்.