இரண்டாம் பாகத்தின் வழக்கு

'சூப்பர்மேன் 2' ஆஸ்திரேலியாவில் 1980 டிசம்பரில் திரைக்கு வந்தது. அமெரிக்க ரசிகர் அதைப் பார்க்க அடுத்த ஆண்டு ஜூன் வரை காத்திருந்தார். முழுதாக அரை வருடம். சிட்னியில் படம் பார்த்த ஒருவர் அதன் முடிவை நியூயார்க் நண்பரிடம் சொல்லிக் கெடுக்க வேண்டுமென்றால் கடிதம் போட வேண்டும், இல்லாவிட்டால் கைக்காசைச் செலவழித்துத் தொலைபேச வேண்டும். இன்று ஒரு சூப்பர்ஹீரோ படத்தின் கிளைமாக்ஸ், முதல் காட்சிக் கூட்டம் தியேட்டர் வாசலைத் தாண்டுவதற்குள் ஊரெல்லாம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. முதல் பாகம் உசத்தியா, இரண்டாம் பாகம் உசத்தியா என்கிற சண்டை அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் எதை வைத்துச் சண்டை போடுகிறோம் என்பது அடியோடு மாறிவிட்டது.

அந்த சூப்பர்மேன் கதையையே எடுத்துக்கொள்வோம். ரிச்சர்ட் டானர் இரண்டு பாகங்களையும் சேர்த்தே படமாக்கத் தொடங்கினார். முதல் படம் 1978-இல் வந்து சக்கைப்போடு போட்டது. அதற்குள் அவருக்கும் தயாரிப்பாளர்களான சால்கைண்டுகளுக்கும் ஆகாமல் போய்விட்டது. இரண்டாம் பாகத்தில் பெரும்பகுதியை எடுத்து வைத்திருந்த மனிதரை வெளியேற்றிவிட்டு ரிச்சர்ட் லெஸ்டரைக் கொண்டுவந்தார்கள். சூப்பர்மேனின் தந்தையாக மார்லன் பிராண்டோ நடித்திருந்த காட்சிகள் தூக்கப்பட்டன. தந்தை சொல்லவேண்டியதைத் தாய் சொல்லும்படி மாற்றினார்கள். இத்தனை குழப்பத்துக்கு நடுவிலும் அந்தப் படத்துக்கு ஒரு கரு இருந்தது. காதலி லோயிஸ் லேனோடு சாதாரண மனிதனாக வாழ ஆசைப்பட்டு சூப்பர்மேன் தன் சக்தியைத் துறக்கிறான். கொஞ்ச நேரத்திலேயே சாலையோர உணவகத்தில் ஒரு லாரி டிரைவரிடம் அடிவாங்கி, முதல்முறையாகத் தன் ரத்தத்தைத் தானே பார்க்கிறான். முதல் பாகம் ஒருவனுக்குச் சக்தி வந்த கதை என்றால், இரண்டாம் பாகம் அந்தச் சக்திக்கு என்ன விலை என்று கேட்கிற கதை. அன்றைக்கு நல்ல இரண்டாம் பாகம் என்றால் இதுதான் இலக்கணம். மூன்றாவதில் கதை நகைச்சுவைப் பக்கம் சாய்ந்தது. 1987-இல் வந்த நான்காவதற்குப் பட்ஜெட்டை வெட்டித்தள்ளி, படத்தோடு சேர்த்து அந்தத் தொடரையே முடித்துவைத்தார்கள். ஒரு படம் கெட்டால் அடுத்தது கிடையாது என்பது அந்தக் காலத்துக் கண்டிப்பு.

பேட்மேனுக்கும் அந்தக் கண்டிப்பு வந்தது, வேறு வாசல் வழியாக. 1989-இல் டிம் பர்ட்டனின் 'பேட்மேன்' உலக அளவில் 41 கோடி டாலர் வசூலித்தது. 1992-இல் அவரே எடுத்த 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' 27 கோடிக்குள் நின்றது. வாயில் கறுப்பு எச்சில் ஒழுகும் பெங்குவின், தையல் பிரிந்த தோலாடையில் கேட்வுமன், கிறிஸ்துமஸ் விளக்குகளுக்கு நடுவே ஒரு பேய்க்கதை. மெக்டொனால்ட்ஸ் பொம்மைக்காகப் படத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போன பெற்றோர் கொதித்துவிட்டார்கள். ஸ்டுடியோ பயந்துபோய் அடுத்த படத்தை ஜோயல் ஷூமாக்கரிடம் கொடுத்து வண்ணமயமாக்கச் சொன்னது. அந்த வண்ணம் 1997-இல் 'பேட்மேன் அண்ட் ராபின்' வரை போய், எட்டு வருடத்துக்குப் பேட்மேனைப் படுக்கவைத்துவிட்டது. 'ரிட்டர்ன்ஸ்' இருட்டாக இருக்கிறது என்பது அன்று குற்றச்சாட்டு. இருட்டாக இருப்பதே தரத்துக்கு அடையாளம் என்று ஆனது 2008-க்குப் பிறகு.

அந்த 2008-க்கு வருமுன் 2004-இல் கொஞ்சம் நின்றாக வேண்டும். இந்த வழக்கின் முக்கியச் சாட்சி அங்கேதான் இருக்கிறது.

சாம் ரெய்மியின் 'ஸ்பைடர்மேன் 2' ஒரு பீட்சா டெலிவரியில் தொடங்குகிறது. நேரத்துக்குக் கொண்டுசேர்க்க முடியாமல் பீட்டர் பார்க்கருக்கு வேலை போகிறது. வாடகை பாக்கி. கல்லூரியில் பெயில் ஆகும் நிலை. மே அத்தையின் வீடு கடனில் மூழ்குகிறது, வங்கி கைவிரிக்கிறது. அந்த நிலைமையிலும் பிறந்தநாள் பரிசென்று அத்தை 20 டாலரை அவன் கையில் திணித்து, வாங்கிக்கொள்ளச் சொல்லி உடைந்து அழுகிறார். சூப்பர்ஹீரோ படத்தில் 20 டாலர் நோட்டு ஒன்று இவ்வளவு கனத்ததாக எனக்கு வேறெங்கும் நினைவில்லை. பிறகு, பென் மாமா செத்ததற்குத் தானும் காரணம் என்று பீட்டர் சொல்லும் காட்சி. அத்தை எதுவும் பேசவில்லை. அவன் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறார். முதல் பாகத்தில் விட்ட கடன் இரண்டாம் பாகத்தில் வசூலாகிறது.

அவனும் ஒருநாள் உடையைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு நடக்கிறான். 1967-இல் வந்த காமிக்ஸின் ஐம்பதாவது இதழில் ஜான் ரொமீட்டா வரைந்த அதே காட்சி. 'சூப்பர்மேன் 2'-இல் பார்த்த அதே துறவும்கூட. ஆனால் இங்கே திரும்பி வருவதற்கான காரணம் வலுவாக இருக்கிறது. ரயில் காட்சியைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றிப் பேச முடியாது. கட்டுப்பாடிழந்த ரயிலைத் தன் உடம்பால் நிறுத்திவிட்டு மயங்கிச் சரிகிறவனைப் பயணிகள் பிடித்து, தலைக்கு மேலே கைமாற்றி உள்ளே கொண்டுபோய்ப் படுக்கவைக்கிறார்கள். முகமூடி இல்லாத முகத்தைப் பார்த்து, இவன் சின்னப் பையன்தானே என்று திகைக்கிறார்கள். முகமூடியைத் திருப்பிக் கொடுத்து, யாரிடமும் சொல்லமாட்டோம் என்கிறார்கள். ஊர் நாயகனைக் காப்பாற்றுகிற காட்சி அது. (மன்ஹாட்டனில் அப்படியொரு பறக்கும் ரயில் ஓடுவதில்லை, எடுத்தது சிகாகோவில்.) பீட்டரின் காதலி மேரி ஜேனை ஒவ்வொரு பாகத்திலும் வில்லன் தூக்கிக்கொண்டு போவது சலிப்புதான், ஒத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பாகத்து வில்லன் டாக்டர் ஆக்டோபஸின் விஞ்ஞானத்தையும் யாரும் தோண்டக்கூடாது. ஆனால் ஆல்ஃபிரட் மொலினா அந்த நான்கு இயந்திரக் கைகளுக்கு நடுவே ஒரு மனிதனை உட்காரவைத்திருந்தார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வசூலில் முதல் பாகத்தைவிட இது குறைவு: முதலாவது சுமார் 82 கோடி டாலர், இரண்டாவது சுமார் 79 கோடி. அதை வைத்து இது தோற்றது என்று வாதாடியவர்களை அன்று தேடித்தான் பிடிக்க வேண்டும். 1978-இன் சூப்பர்மேனுக்குப் பிறகு வந்த சூப்பர்ஹீரோ படங்களில் இதுவே சிறந்தது என்று விமர்சகர் ரோஜர் ஈபர்ட் எழுதினார். ஒரு வருடம் முன்பு வந்த 'எக்ஸ் மென் 2' ஆதரவாளர்கள் அதை ஒத்துக்கொள்ளவில்லை. வாதம் காட்சிகளை வைத்து நடந்தது.

2008 ஜூலையில் கிறிஸ்டோபர் நோலனின் 'தி டார்க் நைட்' வந்தது. தலைப்பில் பேட்மேன் என்ற சொல்லே இல்லை. ஜோக்கராக நடித்த ஹீத் லெட்ஜர் அந்த ஜனவரியிலேயே இறந்திருந்தார். அடுத்த ஆண்டு சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் அவர் பெயருக்கு வந்தது. இதன் முதல் பாகமான 'பேட்மேன் பிகின்ஸ்' ஏறத்தாழ 37 கோடி டாலர் ஈட்டியிருந்தது. இது 100 கோடியைத் தாண்டிய முதல் சூப்பர்ஹீரோ படமானது. சிறந்த படத்துக்கான பரிந்துரையில் இதை விட்டதற்கு எழுந்த சலசலப்பையும், மறு ஆண்டே ஆஸ்கர் அந்தப் பட்டியலை ஐந்திலிருந்து பத்தாக்கியதையும் சேர்த்துப் பேசாதவர்கள் குறைவு. இதையும் பெருமளவு சிகாகோ தெருக்களில்தான் எடுத்தார்கள். லாரி தலைகுப்புறக் கவிழும் காட்சி கணினி வேலை இல்லை, நிஜமாகவே கவிழ்த்தார்கள். இன்றுவரை ரசிகர்கள் மோதவிடும் இரண்டு படங்களிலும் அதே ஊர் இருக்கிறது!

ஆனால் அந்த ஜூலையில் வேறொன்றும் நடந்தது. ஐஎம்டிபி தளத்தின் மதிப்பெண் பட்டியலில் 'தி டார்க் நைட்'டை உச்சியில் ஏற்ற ரசிகர்கள் கூட்டமாகப் பத்துக்குப் பத்து போட்டார்கள். போதாதென்று 'தி காட்ஃபாதர்' படத்துக்கு ஒன்று போட்டு இறக்கினார்கள். படம் சில காலம் முதலிடத்தில் இருந்தது. மாஃபியா தலைவனுக்கும் வௌவால் மனிதனுக்கும் என்ன வாய்க்கால் தகராறு என்று யாரும் கேட்கவில்லை. ஒரு படத்தை உயர்த்த இன்னொன்றைத் தள்ள வேண்டும் என்கிற பழக்கம் அங்கே வேர்விட்டது.

அதே வருடம் மே மாதம் 'அயர்ன் மேன்' வெளியானது. பெயர்ப்பட்டியல் எல்லாம் ஓடி முடிந்தபின் சாமுவேல் ஜாக்சன் வந்து ஒரு குழுவைப் பற்றிப் பேசிவிட்டுப் போகும் குட்டிக் காட்சி. சீக்வல் என்ற சரக்கின் தன்மையையே மாற்றியது அந்தத் துண்டுதான். அதன்பின் ஒவ்வொரு படமும் அடுத்ததற்கு முன்னோட்டம். 2019-இல் 'அவெஞ்சர்ஸ் எண்ட்கேம்' இருபத்திரண்டாவது படமாக வந்து 279 கோடி டாலரைத் தொட்டது. நம் ஊரில் அதற்குத் தமிழில் ஏ.ஆர். முருகதாஸ் வசனம், அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல். படத்தைவிட அந்தக் குரல் பொருந்துகிறதா என்றுதான் இங்கே அதிகம் அடித்துக்கொண்டார்கள். எண்ட்கேமை மோசமென்று நான் சொல்லவரவில்லை. பத்து வருடம் கூடவே வந்தவர்களுக்கு அது பெரிய விருந்து. ஆனால் அது எதன் இரண்டாம் பாகம், எதன் நான்காம் பாகம்? எதோடு ஒப்பிடுவது? மெகா சீரியலில் நானூற்று முப்பதாவது எபிசோடு நன்றாக இருந்ததா என்று கேட்பதைப் போல ஆகிவிட்டது.

எபிசோடைத் தவறவிட்டவர்களின் பாடு 2023-இல் 'தி மார்வெல்ஸ்' வந்தபோது தெரிந்தது. மூன்று நாயகிகளில் ஒருத்தி 2019-இன் திரைப்படத்திலிருந்தும் மற்ற இருவர் இரண்டு வெவ்வேறு ஓடிடி தொடர்களிலிருந்தும் வருகிறார்கள். 'கேப்டன் மார்வெல்' 113 கோடி டாலர் ஈட்டிய படம். அதன் தொடர்ச்சி சுமார் 20 கோடியோடு திரும்பியது. டிக்கெட் வாங்கப் பாடம் படித்துவிட்டு வா என்றால் எத்தனை பேர் வருவார்கள்? மறு ஆண்டு 'ஜோக்கர்' இரண்டாம் பாகத்துக்கும் ஏறக்குறைய அதே கதி, ஆனால் காரணம் நேர்மாறு: அது முதல் பாகத்தின் ரசிகர்களையே கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்டது. படம் இழுவை என்பது வேறு விஷயம். கேள்வி கேட்ட துணிச்சலுக்காகவாவது அது 'தி மார்வெல்ஸ்' படத்தைவிட மேல்.

இன்றைய வாதங்களில் ஆயுதம் சதவீதம். ராட்டன் டொமேட்டோஸில் இது 94, அது 91, ஆகவே இது பெரிது. அந்த எண் படத்துக்குப் போட்ட மார்க் அல்ல. விமர்சனம் எழுதியவர்களில் எத்தனை பேருக்குப் படம் தேவலை என்பதன் விகிதம். எல்லோரும் 'பரவாயில்லை' என்ற படம் நூறு வாங்கலாம். பாதிப்பேர் கொண்டாடி மீதிப்பேர் வெறுத்த படம் ஐம்பதில் நிற்கும். 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' போன்ற படத்தை இந்தத் தராசில் வைத்தால் என்ன தெரியும்? வசூலும் அப்படித்தான். டிக்கெட் விலை ஏறியிருக்கிறது, ஐமேக்ஸ் வந்திருக்கிறது, சீனச் சந்தை திறந்திருக்கிறது. 1980-இன் ஒரு டாலரையும் 2019-இன் ஒரு டாலரையும் எதிரெதிரே நிறுத்தி மல்யுத்தம் பார்க்கிறோம்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: ரசிகனுக்கு இன்று அதிகாரம் கூடியிருக்கிறது. டானர் எடுத்த 'சூப்பர்மேன் 2' வடிவம் வெளியே வர 2006 ஆனது, படம் வந்து கால் நூற்றாண்டுக்குப் பிறகு. ஜாக் ஸ்னைடரின் 'ஜஸ்டிஸ் லீக்' வடிவத்தை ரசிகர்கள் நான்கே வருடத்தில் கேட்டு வாங்கினார்கள், நான்கு மணி நேரப் படமாக.

ரசிகர்களின் சண்டையே திரைக்கதையாகவும் ஆகிவிட்டது. 2021-இன் 'ஸ்பைடர்மேன்: நோ வே ஹோம்' படத்தில் ஸ்பைடர்மேனாக நடித்த டோபி மெக்வயர், ஆண்ட்ரூ கார்ஃபீல்ட், டாம் ஹாலண்ட் மூவரும் ஒரே இடத்தில் நின்று, உனக்கு வலை உடம்பிலிருந்தே வருமா, நீ யாரோடெல்லாம் மோதினாய் என்று ஒப்பிட்டுப் பேசிக்கொள்கிறார்கள். மொலினாவும் திரும்பி வந்தார். கைதட்டலில் தியேட்டர் அதிர்ந்தது. ஆனால் அந்தக் கைதட்டலில் பாதி 2004-இல் சம்பாதித்தது. 2023-இன் 'அக்ராஸ் தி ஸ்பைடர்வெர்ஸ்' இவற்றுக்கெல்லாம் மேலே நிற்கிறது. ஸ்பைடர்மேன் என்றால் இன்னின்னாரை இழந்துதான் ஆக வேண்டும் என்ற விதியை மைல்ஸ் என்ற பையன் எதிர்க்கிறான்; சீக்வல்களின் பழைய இலக்கணத்தையே அசைத்துப் பார்க்கும் படம். அப்புறம் பாதியில் 'தொடரும்' போட்டுவிடுகிறார்கள். முடியாத படத்துக்கு எப்படித் தீர்ப்பு எழுதுவது?

முடிந்த படங்களுக்கு எழுதலாம். 'தி டார்க் நைட்' பெரிய படம். வங்கிக் கொள்ளையும் விசாரணை அறையும் இன்னும் ஐம்பது வருடம் பேசப்படும். அரசு வழக்கறிஞன் ஹார்வி டென்ட் கெட்டவனாகும் கடைசி அரைமணி நேரத்தின் அவசரத்தையும் மீறிப் பேசப்படும். ஆனால் 'பேட்மேன் பிகின்ஸ்' பார்க்காதவருக்கு அதில் எதுவும் குறையாது. அது தான் ஓர் இரண்டாம் பாகம் என்பதையே மறந்துவிட்டுச் செய்த சாதனை. 'ஸ்பைடர்மேன் 2' அப்படியல்ல. மே அத்தை கையை உருவிக்கொள்ளும் அந்த நொடி, முதல் பாகம் இல்லாமல் வெறும் அசைவு. கேள்வி 'எது சிறந்த படம்' என்றால் நோலனுக்கு என் ஓட்டு. 'எது சிறந்த இரண்டாம் பாகம்' என்றால் ரெய்மிக்கு, யோசிக்காமல்.

மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம். ஒரே வேண்டுகோள்: சதவீதத்தையும் வசூலையும் ஓரமாக வைத்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஸ்பைடர்மேன் படங்களையும் அடுத்தடுத்துப் பாருங்கள், அடுத்த ஞாயிறு இரண்டு பேட்மேன் படங்களையும் பாருங்கள். பார்த்துவிட்டு எந்தக் காட்சியை வைத்து மறுக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.