கொள்ளைநோயும் கூலியும்

கி. பி. 1349ஆம் ஆண்டு யூன் மாதம் 18ஆம் நாள் இங்கிலாந்தின் அரசன் மூன்றாம் எட்வேட் ஓர் ஆணை பிறப்பித்தான். முந்திய ஆண்டின் கோடையில் தென்கரைத் துறைமுகமொன்றிற் கப்பல் வழியாக வந்திறங்கிய கொள்ளைநோய் அதற்குள் நாட்டின் பெரும்பகுதியைச் சூறையாடிவிட்டது. பாராளுமன்றங் கூடுதற்கும் நோய் இடங்கொடாமையின், அரசன் தன் ஆலோசனைச் சபையோடு மாத்திரம் கலந்து இவ்வாணையை விடுத்தான். அறுபது வயதிற்குட்பட்ட, உடல் வலியுள்ள ஆண் பெண் யாவரும், சீவனத்துக்குத் தமக்கெனச் சொந்த நிலமோ தொழிலோ இல்லாதவிடத்து, தம்மை அழைப்பவனிடம் வேலை செய்தல் வேண்டும், கூலியோ நோய்க்கு முன்னர், அஃதாவது அவ்வரசனது ஆட்சியின் இருபதாம் ஆண்டளவில், வழங்கிய அளவைத் தாண்டலாகாது, மறுப்போர் சிறைப்படுவர். இதுவே அவ்வாணையின் சாரம்.

ஆணை பலிக்கவில்லை. ஆகவே 1351இல் பாராளுமன்றம் கூடித் தொழிலாளர் சட்டம் என்றொரு சட்டத்தை நிறைவேற்றியது. புல்லரிவோனுக்கு ஏக்கருக்கு 5 பென்சு, தலைமைத் தச்சனுக்கு நாளொன்றுக்கு 3 பென்சு, ஏனைத் தச்சருக்கு 2 பென்சு என்று தொழில்தோறும் கூலி வரையறுக்கப்பட்டது. சட்டத்தை மீறியவர் தொழுவில் மாட்டப்பட்டனர். சனத்தொகையில் மூன்றிலொரு பங்கினர்க்குக் குறையாதோர், ஒருவேளை பாதிப்பேர், மாண்டொழிந்த நாட்டில் எஞ்சிய கைகளுக்கு விலை ஏறுவது இயல்பு. அவ்விலை ஏறாதிருக்கவே சட்டம் செய்தனர். எனினும் நிலக்கிழாரே ஒருவரறியாது ஒருவர் கூடிய கூலி கொடுத்து ஆட்களைக் கவர்ந்தமையின், காலப்போக்கில் உழைப்போர் வாழ்வு உயர்ந்ததென வரலாற்றாசிரியர் கூறுவர். 1381இல் நிகழ்ந்த குடியானவர் கிளர்ச்சிக்குத் தலைவரி உடனடிக் காரணமாயினும், முப்பதாண்டுக் காலம் இச்சட்டம் மூட்டிய புகைச்சலும் அதனுள் அடங்கும்.

இவ்வரலாற்றை ஈண்டு எடுத்துரைத்தற்குக் காரணமுண்டு. 671 ஆண்டுகள் கழித்து, அதே நாட்டில், வேறொரு கொள்ளைநோயின் நடுவே, இன்றியமையாத தொழிலாளர் யாவர் என அரசாங்கம் மீண்டுமொரு பட்டியல் வெளியிட்டது. 2020 மார்ச்சு 11ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் கொவிட் நோயை உலகப் பெருந்தொற்றென அறிவித்தது. பிரித்தானியாவின் பாடசாலைகள் 20ஆம் நாளோடு மூடப்பட்டன. ஆயினும் சில பெற்றோரின் பிள்ளைகளுக்கு மாத்திரம் கதவு திறந்திருத்தல் வேண்டும். அன்றேல் அப்பெற்றோர் வேலைக்குச் செல்லார், நாடு நின்றுவிடும். அப்பெற்றோர் யாவர் என்று காட்டுதற்கே பட்டியல் எழுந்தது. வைத்தியர், தாதியர், முதியோரைப் பராமரிப்போர், ஆசிரியர், பொலிசார் முதலியோரோடு, உணவுப் பொருளை ஆக்குவோரும் ஏற்றுவோரும் விற்போரும், பேருந்துச் சாரதிகளும், குப்பை அள்ளுவோரும் அதில் இடம்பெற்றனர். கடையிற் காசு வாங்கும் பெண்ணின்றி நாடு நடவாது என்பதனை அரசாங்கம் எழுத்தில் ஒப்புக்கொண்டது அரிய செய்தியன்றோ! பட்டியலில் வழக்கறிஞரிற் பலரும், விளம்பரத் தொழிலாளரும், பங்குச்சந்தை ஆலோசகருட் பெரும்பாலாரும் காணப்படவில்லை.

அப்பட்டியலைச் சம்பளப் பட்டியலோடு ஒட்டிவைத்துப் பார்ப்பவர் ஒரு முரணைக் காண்பர். 2020 ஏப்பிரலில் அந்நாட்டில் வளர்ந்தோர்க்குரிய சட்டபூர்வமான ஆகக் குறைந்த கூலி மணிக்கு 8 பவுண் 72 பென்சு. முதியோர் இல்லங்களிலும் கடைகளிலும் தொழில் செய்தோர் பலர் அதனையோ அதனிற் சிறிது கூடியதையோ பெற்றனர். வீடுவீடாகச் சென்று முதியோரை எழுப்பிக் குளிப்பாட்டி உணவூட்டுவோர்க்கு, ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டுக்குச் செல்லும் நேரத்துக்கு ஊதியமே கிடையாத நிலை பரவலாக இருந்தது. பதினைந்து நிமிடம் ஓர் உயிருக்கு. அடுத்த பத்து நிமிடம் தெருவுக்கு, தன் கணக்கில்.

நீரின்றி உயிரில்லை, எனினும் நீர் மலிவு. வைரம் அணிகலமேயன்றி வேறில்லை, எனினும் விலை பெரிது. இவ்வுதாரணத்தைப் பொருளியல் கற்கும் மாணவர் முதலாண்டிலேயே படிப்பர். அடம் சிமித் 1776இல் வெளியிட்ட தம் பெருநூலில் இதனை எடுத்துக்காட்டிப் பயன்பெறுமதி வேறு, மாற்றுப்பெறுமதி வேறு என்றார். ஒரு நூற்றாண்டு கழித்து வந்தோர், பொருளின் விலையை அதன் மொத்தப் பயன் நிருணயிப்பதில்லை, கடைசியலகின் பயனே நிருணயிக்கும் என விளக்கினர். தாதியர் யாவரும் ஒரே நாளில் மறைந்தால் நாடு எதையும் கொடுக்கும். ஒரு தாதி விலகினால் அவ்விடத்துக்கு இன்னொருவரைத் தேடும். சம்பளப் பேச்சு எப்போதும் அந்த ஒருவரைப் பற்றியதேயன்றி அனைவரையும் பற்றியதன்று.

இவ்விளக்கம் உண்மையாயினும் முழு உண்மையன்று. இழிவும் இடரும் உள்ள தொழிலுக்கு அவற்றை ஈடுசெய்யும் வகையிற் கூலி கூடுமென்றும் சிமித் எழுதினார். செய்யும் வேலையின் அளவை நோக்கத் தூக்கிலிடுவோனுக்கே எல்லாரினும் கூடிய ஊதியமென்று உதாரணமும் காட்டினார். ஜோன் ஸ்ருவாட் மில் 1848இல் இதனை மறுத்தார். உண்மையில் உடலை வருத்தும், உள்ளம் அருவருக்கும் தொழில்களே பெரும்பாலும் மிகக் குறைந்த கூலி பெறுகின்றன. ஏனெனில் வேறு வழியில்லாதோரே அவற்றை ஏற்கின்றனர் என்பது அவர் கூற்று. என் மதிப்பில் 2020ஆம் ஆண்டு மில்லின் பக்கமே சாட்சி சொன்னது.

வேறிரு காரணங்களும் உள. வாங்குவோன் ஒருவனே ஆயின் விலையை அவனே வைப்பான். இதற்கு 1933இல் ஜோன் றொபின்சன் அம்மையார் தம் நூலிற் கொள்வோன் தனியுரிமை என்ற கருத்தை வகுத்தார். பிரித்தானியாவில் தாதியர்க்கு மிகப் பெரும் முதலாளி அரசாங்கமே. வேறிடம் போக மனமுண்டாயினும் இடம் குறைவு. மற்றையது, பராமரிப்புத் தொழிலை விரைவுபடுத்தல் இயலாது. நெசவாலையிற் புதுப் பொறி வந்தால் ஒருவர் பத்துப்பேர் வேலையைச் செய்வர். முதியவர் ஒருவரைக் குளிப்பாட்ட 1950இல் எத்துணை நேரம் சென்றதோ ஏறக்குறைய அத்துணை நேரமே இன்றும் செல்லும். ஆகவே அத்தொழிலின் கூலியை உயர்த்த வேண்டின் இலாபத்திலிருந்து உயர்த்த வழியில்லை. வரி கொடுப்போரோ குடும்பத்தாரோ கூடக் கொடுத்தல் வேண்டும். இவற்றோடு, வீட்டிற் பெண்கள் ஊதியமின்றிச் செய்து வந்த வேலையாதலின் அதற்குப் பெரிய விலை ஏன் என்ற எண்ணமும் ஊறிக் கிடக்கின்றது. இது பொருளியற் புத்தகத்தில் இல்லாத காரணம். ஆயின் பலமான காரணம்.

இனி, குடும்பங்களை நோக்குவாம். பாடசாலை என்பது கல்விக்கூடம் என்றே நாம் எண்ணியிருந்தோம். அது மூடப்பட்ட போதுதான், தாயுந் தந்தையும் உழைக்கச் செல்லும் நேரத்திற் பிள்ளையைக் காக்கும் இடமும், வறிய பிள்ளைக்கு ஒருவேளை உணவளிக்கும் இடமும் அதுவே என்பது புலனாயிற்று. இங்கிலாந்தில் இலவச மதிய உணவுக்கு உரித்துடைய பிள்ளைகட்கு வாரத்துக்கு 15 பவுண் பெறுமதியான சீட்டு வழங்கப்பட்டது. அதனைக் கோடை விடுமுறைக்கு நீடிக்க அரசாங்கம் முதலில் மறுத்தது. மார்க்கஸ் றஷ்போட் என்ற இளங் கால்பந்தாட்ட வீரர், தாமும் சிறுவயதில் அவ்வுணவை உண்டு வளர்ந்தவர், பகிரங்கக் கடிதம் எழுதிய பின்னரே 2020 யூனில் அரசாங்கம் தன் முடிவை மாற்றியது.

வீட்டிலிருந்து வேலை செய்யக்கூடியவர்க்கு இடர்ப்பாடு ஒருவகை. ஒரே மேசையிற் கணக்கும் சமையலும் பிள்ளையின் பாடமும் நடந்தன. அவ்வாறு செய்ய இயலாதவர்க்கு இடர்ப்பாடு வேறு. பேருந்துச் சாரதி மாலையில் நோயை வீட்டுக்குக் கொண்டுவரக்கூடும், வீடு சிறிது, பாட்டனாரும் பேரரும் ஒன்றாய் உறங்குவர். நோய் கண்டு வேலைக்குச் செல்லாதிருப்பின் சட்டபூர்வமான நோய்க்காலக் கொடுப்பனவு வாரத்துக்கு 95 பவுண் 85 பென்சு. வாரத்துக்கு 120 பவுணுக்குக் குறைய உழைப்போர்க்கு அதுவும் இல்லை. அவ்வாறான தொகையில் உம்மால் வாழ இயலுமா என்று தொலைக்காட்சியில் வினவியபோது, சுகாதார அமைச்சரே இல்லையென ஒப்புக்கொண்டார். இருமலோடு வேலைக்குச் சென்றவனை நாம் குறைகூற எழுமுன் இத்தொகையை நினைத்துப் பார்த்தல் நன்று.

இறப்புக் கணக்கு இதனை இன்னுந் தெளிவாக்கும். 2020 மே மாதத்தில் அந்நாட்டுப் புள்ளிவிபரத் திணைக்களம், இங்கிலாந்திலும் வேல்சிலும் உழைக்கும் வயதினர் கொவிட் நோயால் இறந்த வீதத்தைத் தொழில்வாரியாக வெளியிட்டது. ஆண்களுள் இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 10 பேர் இறந்திருக்க, பராமரிப்புத் தொழிலிலுள்ள ஆண்களுள் 23 பேரும், காவற்பணியாளருள் 46 பேரும் இறந்திருந்தனர். கட்டிடத்தின் வாயிலில் நிற்பவனே, உள்ளே இருக்க வேண்டியவர் யாவரும் வீட்டிலிருக்கத் தனித்து நின்றவன்.

மார்ச்சு 26ஆம் நாள் தொடங்கிப் பத்து வியாழக்கிழமைகளில் இரவு எட்டு மணிக்கு மக்கள் தத்தம் வாயிலில் நின்று கைதட்டினர். அது மனமார்ந்த செயலென்பதில் ஐயமில்லை. ஆயின் அடுத்த ஆண்டு மார்ச்சில் தாதியர்க்கு நூற்றுக்கு ஒன்று சம்பள உயர்வு போதுமென அரசாங்கம் சிபார்சு செய்தது. எதிர்ப்பெழுந்தமையால் யூலையில் அது மூன்றாயிற்று. வெளிநாட்டிலிருந்து வந்து அந்நாட்டு வைத்தியசாலைகளிற் பணிபுரிந்தோர், அதே வைத்தியசாலையைத் தாம் பயன்படுத்துதற்கு ஆண்டுக்கு 400 பவுண் கட்டணஞ் செலுத்த வேண்டியிருந்தது. 2020 மே 20ஆம் நாள் பிரதமர் அதனை நியாயப்படுத்தினார். மறுநாளே அவர்க்கு விலக்களித்தார்.

இங்கே 1349க்கும் 2020க்கும் உள்ள பெரும் வேறுபாட்டைக் காணல் வேண்டும். முற்காலக் கொள்ளைநோய் இளையர் முதியர் என்ற பேதமின்றிக் கொன்றது, உழைப்போர் அருகினர், சட்டந் தடுத்தும் கூலி ஏறியது. கொவிட் பெரும்பாலும் முதியோரையே கொன்றது. அதேவேளை கடைகளும் விடுதிகளும் மூடப்பட்டுப் பலர் வேலையிழந்தமையால், உழைப்போர் அருகுதற்கு மாறாக மிகுந்தனர். ஆகவே கூலியை உயர்த்தச் சந்தை தானாக முன்வரவில்லை. சந்தை முன்வந்த இடமொன்றும் உண்டு. 2021இல் பிரித்தானியாவிற் பாரவூர்திச் சாரதிகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. செப்டெம்பரில் பெற்றோல் நிலையங்களில் நெடுவரிசைகள் நின்றன. ஒக்டோபரில் இராணுவத்தினர் எரிபொருள் ஊர்திகளைச் செலுத்தினர். சாரதிகளின் கூலி விரைந்தேறியது. புதிதாய்ச் சேர்வோர்க்கு ஆயிரம் பவுண் வரை கைந்நிறையக் கொடுக்கவும் வாணிப நிறுவனங்கள் முன்வந்தன. அவர்க்கு ஒருவருந் தனியே கைதட்டியதாக நான் அறியேன்.

நம் நாட்டில் அத்தியாவசிய சேவை என்ற சொல்லுக்கு வேறொரு வாடை உண்டு. 1979ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொதுச் சேவைகள் சட்டத்தின்படி, ஒரு சேவை அவ்வாறு பிரகடனஞ் செய்யப்படின் அதில் வேலைக்கு வர மறுப்பது குற்றமாகும். 2021இலும் துறைமுகம், புகையிரதம் முதலிய பல சேவைகள் அவ்வாறு பிரகடனஞ் செய்யப்பட்டன. எட்வேட் அரசன் இதனைக் கண்டிருப்பின் புதுமையென எண்ணியிரான். 2020 மார்ச்சில் ஊரடங்கு பிறந்து நாடெங்கும் அடங்கியபோதும் மலையகத்திற் கொழுந்து பறிப்பது நிற்கவில்லை. அன்று அத்தொழிலாளரின் அடிப்படைச் சம்பளம் நாளுக்கு 700 ரூபா. பல்லாண்டாகக் கேட்ட ஆயிரம் ரூபா, 900 ரூபாச் சம்பளமும் 100 ரூபாக் கொடுப்பனவுமாக, 2021 மார்ச்சிலேயே வர்த்தமானியில் வெளிவந்தது. அதனை எதிர்த்துத் தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் ஏகின.

அவ்வூரடங்கு நாட்களில் நான் வீட்டிலிருந்தே முழுச் சம்பளமும் பெற்றேன். எமது ஒழுங்கைக்குத் துவிச்சக்கர வண்டியில் மரக்கறி கொண்டுவந்தவரிடம் விலை பேசி ஐந்து ரூபா குறைத்ததும் உண்டு. அடுத்த ஆண்டு யூலையில் ஆசிரியர் அதிபர் சம்பள முரண்பாட்டின் பொருட்டு நாம் இணையவழிக் கற்பித்தலை நிறுத்தி மூன்று மாதங்கள் பகிஷ்கரித்தபோது, எமது கோரிக்கை நியாயமென்று உறுதியாய் நம்பினேன், இன்றும் நம்புகின்றேன். அம்மரக்கறிக்காரர்க்குப் பகிஷ்கரிக்க ஒருவருமில்லை.

பிரித்தானியத் தாதியரின் கதை 2022 டிசெம்பரில் இன்னொரு கட்டத்தை அடைந்தது. 1916இல் நிறுவப்பட்ட அவர்களது அரச சங்கம், தன் வரலாற்றிலேயே முதன்முறையாக நாடளாவிய வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்தது. 15ஆம் நாளும் 20ஆம் நாளும், இங்கிலாந்திலும் வேல்சிலும் வட அயர்லாந்திலும், உயிர்காக்கும் பிரிவுகளுக்கு வேண்டிய சிலரை உள்ளே நிறுத்திவிட்டு, ஏனையோர் குளிரில் வைத்தியசாலை வாயில்களில் நின்றனர். வீடுவீடாகச் சென்று பராமரிப்போர் அன்றும் வழமைபோல் அடுத்த வீட்டுக்குச் சென்றுகொண்டிருந்தனர்.